எண்ணெய் டப்பாவும் சிமெண்ட் டப்பாவும்

வேலூரில் இளவேனிலுக்கு ‘டப்பா மிஸ்’ என்றுதான் பெயர். காட்பாடிப் பக்கத்தில் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுத்த தனியார் பள்ளியில் பிள்ளைகள் வைத்த பெயர் அது. வைத்த பிள்ளைகள் பாஸாகிப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் அங்கேயே தங்கி வாட்ச்மேன் வரைக்கும் பரவிவிட்டது. முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் ஒருநாள் காய் வாங்கப் போன இடத்தில், கடைக்காரர் “டப்பா மிஸ்ஸுங்களா? எம்பொண்ணு உங்க கிளாஸ்தாங்க” என்று சொல்லி ஒரு கட்டு கொத்தமல்லியைச் சும்மா பையில் போட்டார். அன்றோடு கோபம் போய்விட்டது.

பெயருக்குக் காரணம் இரண்டு தகர டப்பாக்கள். தேங்காய் எண்ணெய் வருகிற உருளை டப்பாக்கள். ஒன்று, கடையில் வாங்கி இன்னும் மூடி திறக்காதது. இன்னொன்றும் அதே மாதிரிதான்; எண்ணெய் தீர்ந்த பிறகு சிமெண்டைக் குழைத்து ஊற்றி இறுக வைத்தது. மேஜைமேல் ஒரு பலகையைச் சாய்த்து, உச்சியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “எது முதல்ல கீழ வரும்?” என்று கேட்பாள். வகுப்பே சிமெண்ட் பக்கம் சாயும். கனமானது வேகமாக வரும் என்று நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை. கையை எடுப்பாள். எண்ணெய் டப்பா விறுவிறுவென்று முன்னால் வந்து விழும். சிமெண்ட் டப்பா பின்னால் ஆடி அசைந்து வரும். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டுவார்கள்.

“கனத்துக்கு இங்க வேலையே இல்ல” என்று ஆரம்பிப்பாள். “உருண்டு வர்ற பொருளுக்கு ஒரே நேரத்துல ரெண்டு வேலை. முன்னால ஓடணும், தன்னைத்தானே சுத்திக்கவும் செய்யணும். உயரத்துல இருந்து கிடைச்ச ஆற்றல் ஒண்ணுதான். அதை ரெண்டுக்கும் பங்கு போடணும். சிமெண்ட் டப்பா உள்ள இருக்கிறது பூரா சேர்ந்து சுத்துது. அதனால சுத்துறதுக்கே நிறைய போயிடுது, ஓடுறதுக்குக் கொஞ்சந்தான். எண்ணெய் டப்பால தகரம் மட்டும்தான் சுத்துது. எண்ணெய் உள்ள சும்மா உக்காந்துகிட்டு வருது. ஆட்டோல போறீங்க, சக்கரம் சுத்துது. உள்ள உக்காந்திருக்கிற நீங்க சுத்துறீங்களா?”

இது நடப்பது ஆடியிலோ ஆவணியிலோ. வேலூர் வெயிலில், மின்விசிறி அனலை வாரி இறைக்கிற வகுப்பில். எண்ணெய் டப்பா ஒரு வருடமும் அவளை ஏமாற்றியதில்லை.

கணவன் ஹரிஷ்குமாருக்குப் பெங்களூர் வைட்ஃபீல்டில் நல்ல கம்பெனியில் வேலை கிடைத்தது. இளவேனில் பள்ளியில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு டப்பாவை மட்டும், அதாவது சிமெண்டை, துணி மூட்டையில் சுருட்டிக்கொண்டு அங்கே வந்தாள். வாசலில் கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. மகன் ரித்விக் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். அதோடு அவளுக்குப் புதுப் பெயர் வந்தது: ரித்விக் அம்மா. லிஃப்டில் ரித்விக் அம்மா, பூங்காவில் ரித்விக் அம்மா, ஃபோன்களில் எல்லாம் ‘ரித்விக் மம்மி’. யார்மேலும் குற்றமில்லை. அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனாலும் சில நாள் குளிக்கும்போது அவளே தன் பெயரை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்ப்பாள். அது யாரோ வேறு ஊர்க்காரியின் பெயராகக் கேட்கும்.

அவளுக்கு மறுபடி வகுப்பில் நிற்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை. பள்ளி பள்ளியாக விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள், காபி கொடுப்பார்கள், “நடுவில் இடைவெளி விழுந்துவிட்டதே” என்று பரிதாபப்படுவார்கள், சொல்லியனுப்புவதாகச் சொல்வார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. “விடு இளா, இந்த ஊர்ல எல்லாம் சிபாரிசு” என்பான் ஹரிஷ்குமார். அவன் ஆறுதல் சொல்லும்போதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக வரும்.

தை பிறந்து சில நாளில், பி.யூ. என்று அங்கே சொல்கிற ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ வகுப்புகளும் உள்ள ஒரு பள்ளியிலிருந்து டெமோ வகுப்புக்கு அழைப்பு வந்தது. அங்கே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஆசிரியர்களே பெஞ்சில் உட்கார்ந்து மாணவர்களாக நடிப்பார்கள். எந்தப் பாடம் என்பது அவள் விருப்பம். அவளுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. முந்தின சாயங்காலம் கடைக்குப் போய் ஒரு புது எண்ணெய் டப்பா வாங்கினாள்.

அன்று காலை பெங்களூர் குளிர் வழக்கம்போல எலும்பைப் பிடித்தது. எழுந்ததும் தலை வாருவதற்காகத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை ஒரு டம்ளர் வெந்நீரில் இறக்கி வைத்தாள். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து மார்கழி, தை என்றால் தினமும் செய்கிற காரியம். காபி போடுவதற்குள் இளகிவிடும். ஊற்றி, தலை வாரி, பின்னி, வேலூரில் கட்டிய அதே பருத்திப் புடவையைக் கட்டினாள். ரித்விக்கின் புத்தக அலமாரியிலிருந்து ஒரு பலகையைக் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். இரண்டு டப்பாவையும் பைக்குள் போட்டுக்கொண்டு ஆட்டோ ஏறினாள்.

பள்ளி வாசலில் வாட்ச்மேன் கோவிந்தப்பா அவளையும் போர்வை மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னடத்துக்காரர், தமிழ் ஓரளவு வரும். “யாரோட அம்மா நீவு? பேரண்ட்ஸ் மீட்டிங் நாளைக்கு மா. இன்னிக்கி இல்லா.”

“பேரண்ட் இல்லைங்க. டீச்சர். டெமோவுக்கு வந்திருக்கேன்.”

“ஓ, டீச்சரா?” என்றார் கோவிந்தப்பா. மூட்டையைப் பார்த்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் வழி விட்டார்.

மாடியில் ஒரு வகுப்பறை. முதல் பெஞ்சில் பிரின்சிபால் சரளா, பக்கத்தில் இயற்பியல் துறைத் தலைவர் உமேஷ். உமேஷ் சார் கோலார் பக்கத்துக்காரர். தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வரும். டெமோ என்றால் அவருக்குக் கொண்டாட்டம். மாணவனாக நடிக்கச் சொன்னால் கடைசி பெஞ்சுக்காரனாகவே மாறிவிடுவார். அன்றும் வகுப்பு தொடங்குமுன்னே கொட்டாவி விட்டார். அடுத்து நடத்தவேண்டிய அச்யுத் என்ற இளைஞன் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே காத்திருந்தான்.

இளவேனிலுக்கு முதல் இரண்டு நிமிடம் நாக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு சாக்பீஸைக் கையில் எடுத்ததும் எல்லாம் திரும்பி வந்தது. வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதை அப்படியே சொல்லி நான் உங்களைப் படுத்தப்போவதில்லை. கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டாள். எது முதலில் வரும்?

“சிமெண்ட்தான் மிஸ்” என்றார் உமேஷ் சார், மாணவனின் அசட்டுத்தனத்தோடு. “ஸ்ட்ராங் பாடி மிஸ்.” பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இளவேனிலும் சிரித்துக்கொண்டாள். இந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கமானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். கையை எடுத்தாள்.

இரண்டு டப்பாவும் சேர்ந்தே உருண்டன. கீழே வரும்போது சிமெண்ட் டப்பா நாலு விரற்கடை முன்னால் இருந்தது.

அவள் முகத்தில் ஈயாடவில்லை. தள்ளிவிட்டோமோ என்று மறுபடி வைத்தாள், மறுபடி விட்டாள். மறுபடியும் சிமெண்ட்தான். பலகை கோணலோ என்று திருப்பிப் போட்டாள். அப்போதும் சிமெண்ட்தான். உமேஷ் சார் எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கி, “நான் சொன்னேன்ல மிஸ்!” என்றார். அறை கொல்லென்று சிரித்தது. அவர் மாணவனாக நடித்தார் என்பது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் காது சிவந்துவிட்டது. இத்தனை வருடம் காப்பாற்றிய டப்பா, கடைசியில் காலை வாரிவிட்டது.

“சாரி” என்றாள். “சம்திங் ராங். சாரி.” கரும்பலகையில் சமன்பாட்டை எழுதினாள். எழுதியது எல்லாம் சரி. ஆனால் குரல் உள்ளே போய்விட்டது. மீதி வகுப்பை யாருக்கும் கேட்காத மாதிரி முடித்தாள். சரளா மேடம் கனிவாகச் சொன்னார்: “தேங்க் யூ. சொல்லியனுப்புகிறோம்.”

கீழே வந்து வாசல் பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். ஆட்டோவுக்கு ஃபோனில் தேடியபோது எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அப்போதுதான் தான் அழுவது அவளுக்கே தெரிந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுக்கப் போனவள் எண்ணெய் டப்பாவைத்தான் முதலில் எடுத்தாள். அதன்மேல் வந்த கோபத்தில் காதோரம் வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினாள்.

சத்தமே இல்லை.

மறுபடி குலுக்கினாள். எண்ணெய் என்றால் உள்ளே கொஞ்சமாவது ‘களக்’ என்று ஆட வேண்டும். ஒன்றும் ஆடவில்லை. தகரம் பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது. காலையில் டம்ளர் வெந்நீரில் நின்ற பாட்டில் அவள் கண்முன்னே வந்தது. அதே எண்ணெய், அதே சமையலறை, அதே குளிர். தலைக்கு வைக்கிற எண்ணெய் உறையும் என்று அவளுடைய கைக்குத் தெரியும். பாடத்துக்கு எடுத்துப் போகிற எண்ணெயும் உறையும் என்பதுதான் மண்டைக்கு எட்டவில்லை. சமையலறைக்காரியும் டீச்சரும் ஒரே வீட்டில் இருந்தும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

“அட லூசு!” என்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டாள். உறைந்துபோன எண்ணெய் சிமெண்ட் மாதிரியே மொத்தமாகச் சுற்றியிருக்கிறது. எண்ணெய் லேசு, அதனால் அந்த டப்பாவின் பாரத்தில் ஓரத்துத் தகரத்தின் பங்கு கூடுதல்; அந்த நாலு விரற்கடைக்குத்தான் சிமெண்ட் முந்தியிருக்கிறது. பாசஞ்சரைச் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஆட்டோ ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறாள். டப்பா ஏமாற்றவில்லை. பாடமும் பொய்யில்லை.

அழுகை நின்றுவிட்டது. வீட்டுக்குப் போகலாம், ஹரிஷிடம் சொல்லிச் சிரிக்கலாம். ஆனால் மேலே இருக்கிற அத்தனை பேரும் அவள் தவறாகச் சொல்லிக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டல்லவா இருப்பார்கள்? வேலை கிடைக்காமல் போனாலும் போகட்டும், அதை மட்டும் அவளால் தாங்க முடியாது. அச்யுத்தின் டெமோ முடிந்து அவர்கள் கீழே வர எப்படியும் நேரமிருக்கிறது.

ரித்விக்கின் பள்ளி வேன் மத்தியானம் வரும். பக்கத்து வீட்டுக் கிருத்திகாவைக் கூப்பிட்டாள். “கிருத்திகா, நான் இளவேனில் பேசறேன்.”

“எந்த இளவேனில்?”

“ரித்விக் அம்மா.”

“ஐயோ, நீங்களா! சொல்லுங்க, சொல்லுங்க. நம்பர் பாக்காமலே எடுத்துட்டேன்.”

“இன்னிக்கு வேன்ல இருந்து ரித்விக்கைக் கொஞ்சம் கூட்டிக்கிறீங்களா? எனக்கு இங்க வேலை இருக்கு.” வேலை இருக்கு என்று சொன்னபோது அவளுக்கே அந்த வார்த்தை ருசியாக இருந்தது.

பிறகு எழுந்துபோய், வெயிலில் நின்ற ஒரு கறுப்பு பைக்கின் இருக்கையில் டப்பாவைப் படுக்கவைத்தாள். அது கோவிந்தப்பாவின் வண்டி. அவர் வாசலிலிருந்து ஓடி வந்தார்.

“ஏன் மா இது? என் வண்டி மேலே?”

“எண்ணெய் உறைஞ்சிருச்சுங்க. உருகணும்.”

கோவிந்தப்பா டப்பாவைத் தொட்டுப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். இந்த விஷயத்தில் அவருக்குச் சொந்த அனுபவம் இருந்தது. “இந்த பிசில்லயா? இந்த வெயில்லயா? சாயந்திரம் ஆகும். எங்க மனையில பிஸிநீர்ல வைப்பாங்க.” சொல்லிவிட்டு நிற்காமல், கேண்டீனுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஆவி பறக்கும் வெந்நீரோடு வந்தார். இருவருமாக டப்பாவை அதில் இறக்கினார்கள். இளவேனில் அவ்வப்போது எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக் காதில் வைத்துக் குலுக்குவாள். கோவிந்தப்பா கேட்பார்: “ஆச்சா?” “இன்னும் இல்ல.” நீர் ஆறியதும் மறுபடி போய்ப் புதிதாகக் கொண்டு வந்தார். எதற்கு என்று அவர் கேட்கவேயில்லை. எண்ணெய் உறைந்தால் உருக்க வேண்டும், அதற்கு மேல் என்ன காரணம்?

ஒரு வழியாக உள்ளே ‘களக்’ என்றது. இளவேனில் சின்னப் பெண்ணாகக் குதித்தாள்.

சரியாக அப்போது உமேஷ் சாரும் சரளா மேடமும் காபிக்காகப் படியிறங்கி வந்தார்கள். பின்னால் அச்யுத்தும். இளவேனில் ஈர டப்பாவோடு நேரே போய் அவர்கள் முன்னால் நின்றாள்.

“சார், காலையில நீங்க ஜெயிக்கல.”

உமேஷ் சார் திகைத்தார். “அப்படீங்களா?”

“எண்ணெய் உறைஞ்சிருந்துச்சு. நான் கவனிக்கல. இப்ப உருக்கிட்டேன். இந்தச் சரிவுல ஒரே ஒரு தடவை விட்டுக் காட்டுறேன். வேலைக்காக இல்ல சார். நான் சொன்னது சரின்னு உங்களுக்குத் தெரியணும்.”

படிக்கட்டை ஒட்டிச் சக்கர நாற்காலிக்காகக் கட்டின சாய்தளம் ஒன்று இருந்தது. அவளுடைய அலமாரிப் பலகையைவிட நீளம். உமேஷ் சார் காபியை மறந்து அதன் அடியில் போய் நின்றார். இளவேனில் மேலே இரண்டு டப்பாவையும் வைத்தாள். விட்டாள்.

பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. எண்ணெய் டப்பா ஓடியது. ஓடிப்போய் உமேஷ் சாரின் ஷூவில் முட்டி நின்றது. சிமெண்ட் டப்பா பின்னால் தன் பாட்டுக்கு உருண்டு வந்தது.

உமேஷ் சார் குனிந்து டப்பாவை எடுத்துக் காதில் வைத்துக் குலுக்கினார். பிறகு மேலே பார்த்தார். அவர் முகத்தில் காலையிலிருந்த நடிப்பு ஒன்றும் இல்லை. “ஒன் மோர் டைம்” என்றார்.

மறுபடி விட்டாள். மறுபடி எண்ணெய். “பக்கம் மாத்தி வைங்க.” மாற்றி வைத்தாள். எண்ணெய்தான். அவர் கோட்டும் டையுமாகக் கீழே குந்தி உட்கார்ந்து, வருகிற டப்பாவைப் பிடித்துப் பிடித்து மேலே கொடுத்தனுப்பினார். கொடுத்தனுப்பியது கோவிந்தப்பாவின் கையில். அவர் எப்போது ஆட்டத்தில் சேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. அச்யுத் தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் உமேஷ் சார் எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். “உறைஞ்சதும் உறையாததும் சேத்துக் காட்டியிருந்தா இன்னும் சூப்பரா இருந்திருக்கும் மேடம். ஆனா ஒண்ணு கேக்கறேன். காலையில தோத்தப்போ ஏன் சாரி சொன்னீங்க? ஏன் தோத்துச்சுன்னு எங்களையே கேட்டிருக்கலாம்ல?”

நல்ல பதில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு உண்மைதான் வாயில் வந்தது. “பயமா இருந்துச்சு சார். ரொம்ப நாள் ஆச்சு.”

உமேஷ் சார் தலையாட்டினார்.

சரளா மேடம் இவ்வளவு நேரமும் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான் காமர்ஸ் மா. நீங்க உருட்டினதுல எனக்கு ஒண்ணும் விளங்கல. ஆனா உமேஷ் சார் காபியை விட்டுட்டு நின்னதை இந்த ஸ்கூல்ல நான் பாத்ததே இல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “இது பெர்மனெண்ட் போஸ்ட் இல்ல, முன்னாடியே சொல்லிடறேன். பிரசவ லீவுல போன டீச்சர் திரும்பி வர்ற வரைக்கும்தான். அப்புறம் என்னன்னு இப்ப என்னால சொல்ல முடியாது. திங்கட்கிழமை வரீங்களா?”

இளவேனில் வேகமாகத் தலையை ஆட்டினாள். அச்யுத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவன் முகம் வாடித்தான் இருந்தது. ஆனாலும் பக்கத்தில் வந்து, “வீடியோ அனுப்பறேன் மேடம்” என்று அவள் நம்பரை வாங்கிக்கொண்டு போனான்.

அவள் வெளியே வந்து நடந்தாள். ஆட்டோ கூப்பிடவேண்டும் என்பதே நினைவில்லை. பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பிரசவ லீவு என்றால் எத்தனை மாதம் என்று யோசித்துக்கொண்டு, ஹரிஷிடம் முதலில் எதைச் சொல்வது என்று குழம்பிக்கொண்டு, லாரியும் கேபும் ஹாரன் அடிக்கிற தெருவில் தெருமுனை வரைக்கும் வந்துவிட்டாள். பின்னால் யாரோ கத்துவது கேட்டது. தன்னையல்ல என்று நினைத்து நடந்தாள். குரல் இன்னும் பலமாகக் கத்தியது.

கோவிந்தப்பாதான். ஒரு கையில் எண்ணெய் டப்பா, ஒரு கையில் சிமெண்ட் டப்பா. இரண்டையும் உயரத் தூக்கிப் பிடித்தபடி, தொப்பி நழுவ ஓடி வந்துகொண்டிருந்தார். அவள் பெயர் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கூப்பிட ஏதாவது ஒன்று வேண்டுமே, வாய்க்கு வந்ததைச் சொல்லிக் கூப்பிட்டார்.

“ஓ டப்பா மிஸ்! டப்பா மிஸ்! நில்லுங்க!”

இளவேனில் அந்தத் தெருவில், அத்தனை வண்டிகளுக்கு நடுவே, சட்டென்று நின்று திரும்பினாள். “இதோ வரேன்!” என்று கத்திக்கொண்டே அவரை நோக்கி ஓடினாள்.